பழைய சிறு விமானத்தில் என்ஜின் உதறுகிறதா? எதையும் கழற்றுவதற்கு முன் படியுங்கள்

ஏழு வாரம் என் விமானம் ஹேங்கருக்குள் கிடந்தது. ஒரு சிலிண்டரைக் கழற்றினோம், பிளக்குகளுக்கு மின்சாரம் தருகிற இரண்டு மேக்னட்டோக்களையும் பெட்டியில் போட்டு வெளியே அனுப்பினோம், புரொப்பெல்லரை இறக்கி மறுபடி ஏற்றினோம். கடைசியில் பார்த்தால், எக்ஸாஸ்ட் குழாய், என்ஜினை மூடும் தகட்டு உறையான கவுலிங்கின் விளிம்பில் உரசிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். முதல் நாளே ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நீங்கள் அப்படி அலையக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். பைப்பர் கப், ஏரோங்கா சாம்ப், லஸ்கோம்ப், செஸ்னா 120, 140 போன்ற இருவர் உட்காரும் பழைய விமானங்களை மனதில் வைத்து எழுதியது. கான்டினென்டல் ஏ65, சி85, ஓ-200 மாதிரி நான்கு சிலிண்டர் என்ஜின், இதழ்களின் கோணம் (பிட்ச்) மாறாத புரொப்பெல்லர். லைகோமிங் ஓ-235க்கும் பெரும்பாலும் பொருந்தும். சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும் ரேடியல் என்ஜின்களுக்கு இது போதாது.

ஆரம்பிக்கும் முன் ஒன்று. பறக்கும்போது திடீரென்று பலமாக உதற ஆரம்பித்தால் ஆராய்ச்சி வேண்டாம். திராட்டிலைக் குறைத்து, கிடைக்கிற இடத்தில் இறங்குங்கள். புரொப்பெல்லர் நுனியில் ஒரு துண்டு போயிருந்தால் என்ஜினையே, அதைத் தாங்கும் மவுண்டிலிருந்து பிடுங்கிவிடும். கீழே நான் சொல்வதெல்லாம் நாள்பட்ட, தொல்லை தருகிற, ஆனால் பயமுறுத்தாத அதிர்வுக்கு. கழற்றுகிற வேலை எதுவாக இருந்தாலும் உரிமம் உள்ள பராமரிப்புப் பொறியாளர் பக்கத்தில் இருந்து கையெழுத்துப் போட வேண்டும்.

1. எப்போது உதறுகிறது என்று எழுதி வையுங்கள்

"என்ஜின் உதறுது" என்று மெக்கானிக்கிடம் போய் நின்றால் அவர் என்ன செய்வார், பாவம்? தெரிந்ததில் ஆரம்பிப்பார். அந்த மணிக்கணக்குக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்க வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) வருகிறது, எதில் போகிறது? தரையிலும் வருகிறதா, பறக்கும்போது மட்டுமா? என்ஜின் சூடான பிறகு குறைகிறதா? கடைசியாக எந்த வேலை செய்த பிறகு ஆரம்பித்தது?

ஒரே ஆர்பிஎம்மில் மூக்கைக் கொஞ்சம் தாழ்த்தி வேகத்தைக் கூட்டிப் பாருங்கள், காற்றுவேக வரம்புக்குள். அதிர்வு ஆர்பிஎம்மை விட்டுவிட்டு வேகத்தோடு சேர்ந்து மாறினால் அது என்ஜினாக இல்லாமல் இருக்கலாம். தளர்ந்த மூடி, கழன்ற ஃபேரிங் இதையெல்லாம் பாருங்கள். கன்ட்ரோல் ஸ்டிக்கிலேயே நடுக்கம் தெரிந்தால் உடனே வேகத்தைக் குறைத்து இறங்குங்கள். அது ஃபிளட்டராக, அதாவது இறக்கையோ வாலோ காற்றில் படபடப்பதாக, இருக்கலாம், விளையாட்டில்லை. மேலே எழும்பிய முதல் நிமிடத்தில் மட்டும் அதிர்ந்து அடங்கினால் பெரும்பாலும் சக்கரம்தான். பிரேக்கை மெல்ல அழுத்தினால் நின்றுவிடும்.

2. காகிதங்களை மேசையில் பரப்புங்கள்

மூன்று லாக்புக்: விமான உடம்புக்கு, என்ஜினுக்கு, புரொப்பெல்லருக்கு. கூடவே என்ஜின் கையேடு, டைப் சர்டிஃபிகேட் டேட்டா ஷீட் (அந்த மாடலுக்கு எதெல்லாம் அனுமதி என்று சொல்லும் தாள்), இதுவரை வந்த கட்டாய உத்தரவுகளின் பட்டியல். இந்த மாலை நேர வேலையை யாரும் செய்வதில்லை. நானும் செய்யவில்லை.

தேட வேண்டியவை இவை. புரொப்பெல்லர் எப்போதாவது தரையில் அடித்திருக்கிறதா? அதன் பிறகு என்ஜினைப் பிரித்துப் பார்த்தார்களா, புரொப்பெல்லரை மட்டும் மாற்றிவிட்டு ஓட்டினார்களா? இப்போது பொருத்தியிருக்கிற புரொப்பெல்லர் அந்த என்ஜினுக்கும் விமானத்துக்கும் டேட்டா ஷீட்டில் அனுமதிக்கப்பட்டதுதானா? மேக்னட்டோக்கள் கடைசியாக எத்தனை மணி நேரத்துக்கு முன் திறக்கப்பட்டன? 500 மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது பரவலான வழக்கம். மவுண்ட் ரப்பர் எந்த வருடத்தது? இந்தக் கடைசிக் கேள்விக்கு என் லாக்புக்கில் பதிலே இல்லை. அதுவே பதில் என்று எனக்கு அப்போது புரியவில்லை.

3. செலவே இல்லாத சோதனைகள்

முதலில் ஆர்பிஎம் காட்டும் டேகோமீட்டர். பழைய மெக்கானிக்கல் டேகோமீட்டர் நூறு ஆர்பிஎம் தப்பாகக் காட்டினாலும் ஆச்சரியப்பட வேண்டாம். ஒளியை வைத்து அளக்கும் கைக் கருவி ஒன்றை இரவல் வாங்கிச் சரிபாருங்கள். இல்லாவிட்டால் நோட்டில் எழுதிய எண்ணெல்லாம் வீண்.

அடுத்தது, ஸ்டார்ட் செய்யப் பெட்ரோல் பீய்ச்சும் பிரைமரின் கைப்பிடி. அழுத்தித் திருகிப் பூட்டியிருக்கிறதா? பூட்டாமல் விட்டால் அது வழியே பெட்ரோல் உறிஞ்சப்பட்டு, ஐடிலில் என்ஜின் மிஸ் அடிக்கும். இதைக் கண்டுபிடிக்க மூன்று பேர் சேர்ந்து ஒரு மதியம் செலவழித்ததைப் பார்த்திருக்கிறேன்.

கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் தரும் கார்புரேட்டர் ஹீட்டை முழுதாக இழுங்கள். என்ஜின் முதலில் இன்னும் மோசமாக இருமி, கொஞ்ச நேரத்தில் தெளிந்தால் உள்ளே பனி பிடித்திருந்தது என்று அர்த்தம். கோளாறு ஒன்றும் இல்லை. இந்தச் சிறிய கான்டினென்டல் என்ஜின்கள் பனி பிடிப்பதற்குப் பேர்போனவை. வெளியே 20 டிகிரி செல்சியஸ் இருந்தாலும், காற்றில் ஈரம் இருந்தால் பிடிக்கும்.

பிறகு மேக்னட்டோ சோதனை. ஒரு மேக்னட்டோவில் மட்டும் ஓடவிடும்போது ஆர்பிஎம் விழுவதோடு உதறவும் செய்தால் அந்தப் பக்கத்து பிளக் அல்லது வயர். உதறாமல் வழுவழுப்பாகவே ஓடி, ஆனால் அளவுக்கு மேல் விழுந்தால் டைமிங்கைச் சந்தேகிக்கலாம். கொஞ்சம்கூட விழவில்லை என்றால் சந்தோஷப்படாதீர்கள். தரை இணைப்பு வயர் அறுந்திருக்கலாம். அப்படியானால் சுவிட்சை அணைத்தாலும் மேக்னட்டோ உயிரோடு இருக்கும். புரொப்பெல்லரைக் கையால் தொடும் ஒவ்வொரு முறையும், அது எந்த நேரமும் கிளம்பும் என்று நினைத்தே தொடுங்கள்.

கடைசியாக, தரையில் ஓட்டிப் பார்க்கும்போது மூக்கு காற்றைப் பார்த்து நிற்கட்டும். பின்னாலிருந்து காற்று வீசினால் நல்ல புரொப்பெல்லரும் நடுங்கும்.

4. கவுலிங்கைத் திறந்து டார்ச் அடியுங்கள்

நான் முதலில் செய்திருக்க வேண்டியது இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன்.

என்ஜினும் விமான உடம்பும் ரப்பர் வழியாகத்தான் ஒன்றையொன்று தொட வேண்டும். வேறு எங்கே உலோகம் உலோகத்தைத் தொட்டாலும், ஆரோக்கியமான என்ஜினின் சாதாரணத் துடிப்பே நேராக உங்கள் இருக்கைக்கும் கால் பெடலுக்கும் வந்துவிடும். ரப்பருக்கு வயதானால் இறுகும். எண்ணெய் பட்டால் ஊறி மெத்தென்றாகிவிடும். எப்படியானாலும் என்ஜின் கொஞ்சம் கீழே இறங்கும். கவுலிங் விமான உடம்போடு பொருந்தியிருக்கிற மாடலில், முன்னால் நின்று பார்த்தால் ஸ்பின்னர் (புரொப்பெல்லரின் நடுவில் உள்ள கூம்பு மூடி) கவுலிங் வாயின் நடுவில் இல்லாமல் கீழே தொங்குவது தெரியும்.

தேட வேண்டியது பளபளப்பும் கரியும். இரும்பு உரசிய இடம் பளபளக்கும், அலுமினியம் உரசினால் கறுப்புத் தூள் படியும். எக்ஸாஸ்ட் குழாய் கவுலிங்கிலிருந்து வெளியே வரும் ஓட்டை, கார்புரேட்டர் காற்றுப்பெட்டியின் அடி, சிலிண்டர்களைச் சுற்றிய தகடுகள், இறுக்கமாகக் கட்டிய கேபிள்கள் எல்லாவற்றையும் பாருங்கள். ஸ்டார்ட் ஆகும்போதும் அணையும்போதும் என்ஜின் நன்றாகக் குலுங்கும் என்பதை மறக்க வேண்டாம். என் விரல் நுழையாத இடத்தை நான் இப்போது நம்புவதில்லை. என் விமானத்தில் அந்த அடையாளம் அரை நகம் அகலம்தான் இருந்தது, எக்ஸாஸ்ட் குழாயில் கண்ணாடி மாதிரி பளபளவென்று. பழைய ரப்பரால் என்ஜின் இறங்கி, அது உரசிய கவுலிங் விளிம்பில் பெயின்ட் போயிருந்தது.

மவுண்ட் குழாய்கள் ஒன்றுசேரும் வெல்டிங் முடிச்சுகளைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். பெயின்டில் மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அடியில் விரிசல் இருக்கலாம். அதோடு சோதனையை நிறுத்துங்கள், விமானம் பறக்கக்கூடாது.

இதே நேரத்தில் இன்டேக் குழாய் இணைப்புகளையும் பார்த்துவிடலாம். சிறிய கான்டினென்டல்களில் அவை ரப்பர் ஹோஸும் கிளாம்ப்பும் கொண்டு இணைந்திருக்கும். ஹோஸ் வெடித்திருந்தால் காற்று உள்ளே புகுந்து அந்தச் சிலிண்டரின் கலவை மெலிந்துவிடும். ஐடிலில் மோசமாக உதறி, பவர் ஏற்றினால் சரியாகும் என்பது இதன் குணம். இணைப்பைச் சுற்றி நீலக் கறை இருந்தால் பெட்ரோல் கசிந்து காய்ந்திருக்கிறது.

5. மிஸ் அடிக்கிறதென்றால் குளிர்ந்த சிலிண்டரைப் பிடியுங்கள்

உதறலைத் தருகிற மேக்னட்டோவில் மட்டும் அரை நிமிடம், முக்கால் நிமிடம் ஓட்டி அணையுங்கள். சுவிட்ச் அணைந்ததை உறுதிசெய்துகொண்டு, அகச்சிவப்பு வெப்பமானியை நான்கு எக்ஸாஸ்ட் குழாய்களிலும் ஒரே இடத்தில், ஒரே தூரத்தில் காட்டுங்கள். மற்ற மூன்றும் சுட்டெரிக்க ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால், வேலை செய்யாதது அதுதான். பளபளக்கும் உலோகத்தில் இந்த வெப்பமானி பொய் சொல்லும். அதனால் எண்ணை நம்ப வேண்டாம், வித்தியாசத்தைப் பாருங்கள்.

ஏமாறுகிற இடம் ஒன்று இங்கே உண்டு. கான்டினென்டலில் ஒன்றாம் சிலிண்டர் வலது பின்பக்கம், லைகோமிங்கில் வலது முன்பக்கம். இதை மாற்றிப் புரிந்துகொண்டு நல்ல சிலிண்டரில் பிளக் மாற்றியவர்கள் நிறையப் பேர்.

பிளக்கைக் கழற்றுங்கள். எந்த சிலிண்டர், மேலா கீழா என்று ஒரு தட்டில் வரிசையாக வையுங்கள். கீழ் பிளக்குகளில் சாம்பல் நிற மணிகள் ஒட்டியிருந்தால் அது ஈயம். ஏ65 மாதிரி என்ஜின்கள் ஈயம் குறைந்த, ஆக்டேன் குறைந்த பெட்ரோலுக்காகச் செய்யப்பட்டவை. விமானப் பெட்ரோலான 100எல்எல்லில் லிட்டருக்கு 0.56 கிராம் வரை ஈயம் இருக்கலாம். பழைய 80 ஆக்டேன் பெட்ரோலின் வரம்பைவிட அது நான்கு மடங்கு. சுத்தம் செய்து, இடைவெளியை 0.016 முதல் 0.021 அங்குலத்துக்குள் வைத்து, பிளக்கின் உள் மின்தடையை அளந்து பாருங்கள். 5000 ஓமைத் தாண்டியதைத் திரும்பப் போடுவதில்லை. கீழே விழுந்த பிளக்கையும்தான், எவ்வளவு புதிதாக இருந்தாலும்.

பிறகு சந்தேகப்படும் பிளக்கை வேறு சிலிண்டருக்கு மாற்றி ஓட்டுங்கள். கோளாறு கூடவே போனால் பிளக். போகாமல் அங்கேயே நின்றால் வயர், மேக்னட்டோ அல்லது அந்தச் சிலிண்டரே.

6. கம்ப்ரஷன்

என்ஜின் சூடாக இருக்கும்போது 80 பிஎஸ்ஐ காற்றைச் செலுத்தி எவ்வளவு தங்குகிறது என்று பார்க்கும் சோதனை. 80இல் 60 தங்கினால் போதும் (60/80) என்பது பழைய கணக்கு. கான்டினென்டல் என்ஜினுக்கு மாஸ்டர் ஆரிஃபிஸ் என்ற அளவான துளையுள்ள கருவியை வைத்து எல்லையை அன்றன்றைக்குத் தீர்மானிக்கும் முறை இருக்கிறது, அதைக் கேட்டுச் செய்யச் சொல்லுங்கள். எண்ணைவிட, காற்று எங்கே போகிறது என்பது முக்கியம். எக்ஸாஸ்ட்டில் உஸ் என்று கேட்டால் எக்ஸாஸ்ட் வால்வு. கார்புரேட்டர் பக்கம் கேட்டால் இன்டேக் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங்.

ஒருமுறை குறைவாக வந்ததை வைத்துச் சிலிண்டரைக் கழற்றாதீர்கள். முக்கால் மணி நேரம் பறந்துவிட்டு வந்து மறுபடி பாருங்கள். போரோஸ்கோப் (உள்ளே பார்க்கும் மெல்லிய கேமரா) விட்டு வால்வைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

இதைத் தனியாகச் செய்யவே கூடாது. ஏ65இன் சிலிண்டர் விட்டம் 3.875 அங்குலம். 80 பிஎஸ்ஐ அதன் பிஸ்டனை 400 கிலோவுக்கு மேலான பாரத்தில் தள்ளும். பிஸ்டன் சரியாக உச்சியில் இல்லையென்றால் புரொப்பெல்லர் விசிறியடிக்கும். ஒருவர் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.

7. புரொப்பெல்லர்

இரண்டு நுனிகளும் ஒரே பாதையில் சுற்றுகின்றனவா என்று (டிராக்) பார்ப்பதற்கு ஒரு மரப்பெட்டியும் பென்சிலும் போதும். சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, வாலைக் கட்டி, ஒவ்வொரு சிலிண்டரிலும் ஒரு பிளக்கைக் கழற்றிவிட்டு, ஒரு நுனி கடக்கும் இடத்தில் பெட்டியில் கோடு போடுங்கள். திருப்பி அடுத்த நுனியைக் கொண்டுவாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் உலோகத்துக்கு 1/16 அங்குலம், மரத்துக்கு 1/8 அங்குலம் வரை இருக்கலாம் என்பது பொது அளவு.

மரம் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதற்கேற்ப போல்ட்டும் தளரும். பொருத்திய பின் முதல் பறத்தல் முடிந்ததும், 25 மணி நேரத்திலும், அதன் பிறகு 50 மணி நேரத்துக்கு மிகாமலும் போல்ட்டின் இறுக்கத்தை (டார்க்) சரிபார்க்க வேண்டும். பருவம் மாறினாலும் பார்த்துவிடுங்கள். நிறுத்தும்போது கிடைமட்டமாக நிறுத்துங்கள். செங்குத்தாக நின்றால் ஈரம் கீழ்ப்பக்கத்து இதழில் சேர்ந்து ஒருபக்கம் கனமாகிவிடும். நுனித் தகட்டில் உள்ள சின்னச் சின்ன ஓட்டைகள் ஈரம் வெளியேறுவதற்கு. யாரோ அழகுக்காக அவற்றைப் பெயின்ட் அடித்து அடைத்திருப்பார்கள், பாருங்கள்.

ஏ65 போல கூம்பு முனை கிராங்க்ஷாஃப்ட் என்றால், புரொப்பெல்லரைத் தாங்கும் ஹப் உட்காரும் இடத்தில் நீலச் சாயம் தடவி, குறைந்தது 70 விழுக்காடு பரப்பு ஒட்டுகிறதா என்று பார்ப்பது வழக்கம். ஸ்பின்னரின் பின்தகடு விரிசல் விட்டிருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

8. ஃபோனை நம்பி நான் ஏமாந்த கதை

ஃபோனில் அதிர்வை அளக்கும் செயலி இருக்கிறது, கணக்கும் எளிதுதான். 2400 ஆர்பிஎம் என்றால் நொடிக்கு 40 சுற்று. 40 ஹெர்ட்ஸில் பலமான அதிர்வு இருந்தால் புரொப்பெல்லர், ஸ்பின்னர், கிராங்க்ஷாஃப்ட் பக்கம் பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும், ஆகவே ஒரு சிலிண்டர் மட்டும் சோர்ந்திருந்தால் 20 ஹெர்ட்ஸ். நான்கும் சேர்ந்த இயல்பான துடிப்பு 80 ஹெர்ட்ஸ்.

என் ஃபோன் 20 காட்டியது. "ஒரு சிலிண்டர் போச்சு" என்று தீர்மானித்துவிட்டோம். சிலிண்டரைக் கழற்றினால் அது தங்கம் போல இருந்தது.

நடந்தது என்னவென்றால், அந்தச் செயலி நொடிக்கு 100 முறைதான் அளந்துகொண்டிருந்தது. அப்படி அளந்தால் 50 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளது எதுவும் சரியாகத் தெரியாது. மடங்கி வேறு இடத்தில் தோன்றும். 80 ஹெர்ட்ஸ், 100 கழித்தல் 80 என்று, 20ஆக வந்து உட்கார்ந்துவிட்டது. கவுலிங்கில் உரசிய எக்ஸாஸ்ட் குழாய் உடம்புக்குள் அனுப்பிக்கொண்டிருந்த இயல்பான துடிப்பைத்தான் நோயாளிச் சிலிண்டர் என்று படித்திருக்கிறோம்.

இதைப் பிரித்தறிய ஒரு வழி இருக்கிறது. ஆர்பிஎம்மை 2100க்கு இறக்கிப் பாருங்கள். உண்மையான ஒற்றைச் சிலிண்டர் கோளாறு என்றால் அது 17.5 ஹெர்ட்ஸுக்குக் கீழிறங்கும். போலி என்றால் 30க்கு மேலேறும். ஆர்பிஎம் குறையும்போது ஏறுகிற அதிர்வு எதையும் நம்பாதீர்கள்.

ஓடும்போதே புரொப்பெல்லரின் எடையைச் சமன்செய்ய உதவும் முறையான டைனமிக் பேலன்ஸிங் கருவி வேறு ரகம். அது அங்குலம்/நொடி என்ற அளவில் காட்டும். 0.07க்குக் கீழே நல்லது, 0.2ஐத் தாண்டினால் பேலன்ஸ் செய்துகொள்வது பயன் தரும், 1.0ஐ நெருங்கினால் எடை ஒட்டி மழுப்பாமல் புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். ஆனால் இதைக் கடைசியில் செய்யுங்கள். மிஸ் அடிக்கிற என்ஜினை பேலன்ஸ் செய்வது பணத்தைக் காற்றில் விடுவதுதான்.

9. நேரமும் செலவும்

முதல் நான்கு படிகளுக்கு இரண்டு மாலைகள் போதும், செலவு அநேகமாக இல்லை. பிளக் வேலை அரை நாள். கம்ப்ரஷன் ஒன்றிரண்டு மணி நேரம். கருவியோடு ஆள் வந்தால் பேலன்ஸிங் அரை நாளில் முடியும். மவுண்ட் ரப்பர் மாற்ற என்ஜினைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், ஒன்றிரண்டு நாள் ஆகும். மேக்னட்டோவை வெளியே அனுப்பினால் வாரக்கணக்கு. நான் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன்.

பட்டறைக்கு விடும்போது எழுதிக் கொடுங்கள்: "இந்த ஒரு சோதனையை மட்டும் செய்துவிட்டு என்னைக் கூப்பிடவும்." வாயால் சொன்னால் மறந்துபோகும். ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்ற விடாதீர்கள். அப்புறம் எது சரியானது என்று யாருக்கும் தெரியாது.

ரப்பர் வாங்கும்போது பெட்டியில் உள்ள தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். "பிரிக்காத பழைய சரக்கு" என்று பெருமையாக விற்பார்கள். பிரிக்காமல் இருந்தாலும் ரப்பர் இறுகத்தான் செய்யும். அமெரிக்காவின் எஃப்.ஏ.ஏ. 8130-3 அல்லது ஐரோப்பாவின் ஈ.ஏ.எஸ்.ஏ. ஃபார்ம் 1 போல, உங்கள் நாட்டு விதி கேட்கிற வெளியீட்டுச் சான்றிதழ் இல்லாமல் பாகத்தை வாங்கினால், பொருத்துபவர் கையெழுத்துப் போட மறுப்பார். அவர் பக்கம்தான் நியாயம்.

10. சரிசெய்த பிறகு

புது ரப்பர் போட்டதும் என்ஜின் மேலே எழும்பும். அதனால் திராட்டில், கார்புரேட்டர் ஹீட் கேபிள்கள் முழு தூரம் போய் வருகின்றனவா என்று பாருங்கள். எனக்கு ஹீட் கதவு முழுதாகத் திறக்கவில்லை, கேபிளை மறுபடி அமைக்க வேண்டியிருந்தது. முதல் பறத்தலை விமான நிலையத்துக்கு மேலேயே, தனியாக, நோட்டில் எழுதிய அதே ஆர்பிஎம்களில் செய்யுங்கள். செய்த வேலை, பாக எண், டார்க் அளவு எல்லாம் லாக்புக்கில் ஏறட்டும்.

புது ரப்பர் கொஞ்சம் அமுங்கும். பத்து மணி நேரம் பறந்த பிறகு கவுலிங்கைத் திறந்து, கையேட்டில் உள்ள டார்க்குக்கு மவுண்ட் போல்ட்களை மறுபடி பாருங்கள். என்னுடையதில் நான்கில் மூன்று அசையவில்லை, ஒன்று மட்டும் கால் சுற்று உள்ளே போனது.